பெரியாஸ்பத்திரிக்குப் போகுமுன்: அப்பாவின் காலோடு ஏறி இறங்கியதில் அறிந்துகொண்டவை

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்குச் சுகமில்லை என்றால் சொந்தக்காரர் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஒருவர், பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு, உடனே கொண்டு ஓடுங்கோ என்பார். இன்னொருவர், அங்கே சரியான சனம், பின்னேரம் தனியாரில் சனல் பண்ணி (காசு கட்டி நம்பர் எடுத்து) காட்டுவோம் என்பார். தடிமனுக்கும் பெரியாஸ்பத்திரி வாசலில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். கால் கறுத்த பிறகும், பேர்போன டொக்டரின் நம்பர் கிடைக்கட்டும் என்று காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பகுதியினரும் அந்த ஆஸ்பத்திரியைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பதுதான் என் எண்ணம். அப்பாவின் காலோடு பல மாதம் அங்கே ஏறி இறங்கியபின் இதை உறுதியாகவே சொல்கிறேன்: அதன் ஒழுங்கு தெரிந்து போகிறவருக்கு, ஒரு சதமும் செலவில்லாமல் மிக நல்ல வைத்தியம் கிடைக்கிறது. ஒழுங்கு தெரியாமல் போகிறவருக்கும் அதே வைத்தியம்தான், ஆனால் அதற்குள் அரை நாள் போய்விடும். சில நோய்களில் அந்த அரை நாள் மிகப் பெரியது.

அப்பாவுக்குச் சலரோகம் (நீரிழிவு) நெடுங்காலமாக இருக்கிறது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெறுங்காலோடு வீதி சுற்றுவார். ஆவணி வெயிலில் தார் றோட்டு எப்படிக் கொதிக்கும் என்பது அங்கே நடந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் நிழல் தேடிக் குதித்துக் குதித்துப் போக, அப்பா ஆறுதலாக நடந்து வருவார். பக்தி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பக்தி இருந்தது உண்மை. அதோடு, நீண்டகாலச் சீனி பாதத்து நரம்புகளைக் கெடுத்திருந்தது. சூடே அவருக்குத் தெரியவில்லை. திருவிழா முடிந்து சில நாளில் படுக்கை விரிப்பில் ஈரக்கறை ஒன்றை அம்மா கண்டா. சின்ன விரலின் அடியில் கொப்புளம் உடைந்து உள்ளே புண் ஓடியிருந்தது. அப்பாவுக்கு நோவே இல்லை.

சலரோகக்காரருக்கு நோகிற புண்ணைவிட நோகாத புண்தான் கூடுதலாகப் பயப்பட வேண்டியது. நோவு இல்லாததால் அதே காலை ஊன்றி நடந்துகொண்டே இருப்பார்கள். இரத்தக் குழாய்களும் ஒடுங்கியிருந்தால் புண் ஆறத் தேவையான இரத்தம் அங்கே போய்ச் சேராது. இரத்தத்தில் சீனி கூட இருக்கும்போது கிருமி வேகமாகப் பரவும். மேலே ஐந்து சத நாணயம் அளவில் தெரிகிற புண், உள்ளே எலும்புவரை போயிருக்கலாம். இதை எங்களுக்குப் படம் கீறி விளங்கப்படுத்தியது வாட்டில் இருந்த ஒரு இளம் டொக்டர். தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர், கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழ் பழகியிருந்தார். "ஐயா, கால் நோகாது, அதுதான் பிரச்சினை" என்று அவர் சொன்னதை அப்பா இன்றைக்கும் வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்கிறார்.

புண்ணைக் கண்ட அன்று முதலில் எங்கள் ஊர்ப் பிரதேச வைத்தியசாலைக்குத்தான் போனோம். ஒரு மாமா தொலைபேசியில், அங்கே போய் ஏன் நேரத்தை வீணாக்குகிறீர்கள் என்றார். நேரம் வீணாகவில்லை, மிச்சமானது. அங்கே சீனி பார்த்தார்கள், காய்ச்சல் பார்த்தார்கள், புண்ணைக் கழுவிக் கட்டினார்கள், என்னென்ன மருந்து குடிக்கிறார் என்று கேட்டு எழுதி, கடிதத்தோடு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் அந்தக் கடிதத்தை நீட்டியதும், முதலிலிருந்து கதை சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. எந்த வாட்டு என்பது விரைவிலேயே முடிவாகிவிட்டது.

இந்தப் படிமுறையை எங்கள் சனம் அறிந்து வைத்திருக்க வேண்டும். ஊர்களில் பிரதேச வைத்தியசாலைகள். அதற்கு மேலே பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள். இவை வடமாகாண நிர்வாகத்தின் கீழ் வருபவை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை நேரே கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சின் கீழ் வருவது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டில்கள் இருந்தும் அங்கே இடம் காணாமல் போவது ஏனென்றால், யாழ்ப்பாண மாவட்டம் மட்டுமல்ல, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என்று வடக்கு முழுவதிலும் இருந்து கடினமான நோயாளர் அங்கேதான் அனுப்பப்படுகிறார்கள். ஆதார வைத்தியசாலையில் பார்க்கக்கூடிய காய்ச்சலையும் தலையிடியையும் பெரியாஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குக் கொண்டுபோனால், எங்களுக்கும் நேரம் போகும், முல்லைத்தீவிலிருந்து விடிய எழும்பி வந்தவருக்கும் நேரம் போகும்.

ஆனால் சில வருத்தங்களுக்கு யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. முகம் ஒரு பக்கம் கோணுவது, கை ஒன்று விழுவது, பேச்சுக் குழறுவது பாரிசவாதத்தின் அறிகுறிகள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றக்கூடிய நேரம் அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலம்தான். அதற்குள்ளேதான் ஸ்கானும் எடுத்து முடிக்க வேண்டும். அதனால் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான். நித்திரையில் நடந்திருந்தால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். நெஞ்சு நோவு என்றால், ஈசிஜி எடுக்கக்கூடிய அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கே முதலில் போங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதோ கீறுவதோ வேண்டாம், பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு போகவும் வேண்டாம். கடித்த காலையோ கையையோ அசையவிடாமல் வைத்துக்கொண்டு வண்டியில் ஏற்றுங்கள். இப்படியான நேரத்தில் ஓட்டோவைத் தேடி றோட்டில் நிற்பதைவிட 1990 என்ற இலக்கத்துக்கு அடிப்பது நல்லது. இந்திய உதவியோடு 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கிய 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கும் வந்தது. காசு இல்லை. வருகிறவர்கள் முதலுதவி தெரிந்தவர்கள், ஒட்சிசன் வைத்திருப்பவர்கள். வீட்டுக்கு வரும் வழியை அருகிலுள்ள கோயிலையோ பள்ளிக்கூடத்தையோ வைத்துச் சொன்னால் விரைவாகக் கண்டுபிடிப்பார்கள்.

சரி, அப்பாவின் கதைக்கு வருகிறேன். சத்திரசிகிச்சை வாட்டில் விட்டார்கள். சின்ன விரலை எடுக்க வேண்டும் என்று அடுத்த நாள் சொன்னபோது அப்பா கையெழுத்து வைக்க மறுத்துவிட்டார். விரலை எடுத்தால் நாளைக்குப் பாதம், அப்புறம் கால் என்று ஊரில் கேட்ட கதைகள் அவருக்கு. பெரிய டொக்டர் காலையில் சுற்றி வரும்போது கட்டிலருகே நின்று, அந்த விரலை இப்போது எடுப்பதே பாதத்தைக் காப்பாற்றத்தான் என்று சொன்னார். அந்த நேரத்தில் நான் பக்கத்தில் இருந்தது நல்லதாயிற்று. இரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது, எடுக்காமல் விட்டால் என்ன நடக்கும், எடுத்தபின் எப்போது நடக்கலாம் என்று கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார். நோயாளியின் ஆட்கள் டொக்டரைக் காணமுடியவில்லை என்று குறை சொல்வதுண்டு. அவர்கள் எப்போது வாட்டைச் சுற்றி வருவார்கள் என்பதை வாட்டு மிஸியிடம் (தாதியிடம்) ஆறுதலாகக் கேட்டால் சொல்லுவா. கேள்விகளை ஒரு துண்டில் முதலே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலருகே நிற்கும்போது பாதி மறந்துபோகும். சொந்தக்காரர் ஆளுக்கொருவராகப் போய் ஒரே கேள்வியைக் கேட்பதைவிட, வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக வைத்து அவர் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்வதே முறை.

வாட்டில் இருந்த நாட்களில் கவனித்த வேறு சிலதையும் சொல்ல வேண்டும். வாட்டுகள் முறைவைத்துப் புது நோயாளரை எடுக்கின்றன. அந்த வாட்டின் முறை நாளில் கட்டில் நிரம்பி, ஆட்கள் மேலதிகமாக வருவார்கள். அன்று மிஸிமாரிடம் சின்ன விஷயங்களுக்குப் போய் நிற்காமல் விட்டால் அவர்களுக்கு அதுவே பெரிய உதவி. சாப்பாடு ஆஸ்பத்திரியிலேயே தருகிறார்கள். சலரோகக்காரருக்கு எவ்வளவு சோறு என்பதையெல்லாம் பார்த்துத்தான் தருகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் அன்பில் கொண்டுவரும் மால்ட் பாலும் பிஸ்கட்டும் சீனியை ஏற்றிவிடும். அப்பாவைப் பார்க்க வந்த ஒரு அக்கா கொண்டுவந்த மென்பானத்தை மிஸி கண்டுவிட்டா. "அக்கா, இதை நீங்கள் குடியுங்கோ, ஐயாவுக்கு வேண்டாம். ஊசி போட்டு இப்பதான் இறக்கி வைச்சிருக்கிறம்" என்றா. கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னது எல்லோருக்கும் விளங்கியது. அதேபோல, புண் உள்ளவர்கள் இருக்கும் வாட்டுக்குச் சின்னப் பிள்ளைகளைக் கொண்டுவராதீர்கள். கட்டிலில் இருக்காதீர்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கையைக் கழுவுங்கள்.

துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது டயக்னோசிஸ் கார்ட் தருவார்கள். என்ன வருத்தம், என்ன செய்தார்கள், எந்த மருந்து, எப்போது கிளினிக் என்பதெல்லாம் அதில் இருக்கும். எங்கள் வீட்டில் அதை வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கும் அனுப்பி வைத்தோம். அதில் பி.எச்.ரி (BHT, கட்டில் பதிவுச் சீட்டு) இலக்கம் என்று ஒன்று இருக்கும். கட்டிலில் தொங்கிய அந்தப் பெரிய பதிவுக் கோவை ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிடும். பிறகு காப்புறுதிக்கோ, வழக்குக்கோ, வேறு ஆஸ்பத்திரிக்கோ விபரம் தேவைப்பட்டால் அந்த இலக்கத்தை வைத்துத்தான் தேடுவார்கள். இலக்கம் இல்லாமல் போய், போன வருஷம் மழைக்காலத்தில் இருந்தவர் என்று சொன்னால் யாரால் தேட முடியும்?

வீட்டுக்கு வந்தபின் கிளினிக் காலம். பலர் சலித்துப்போவது இங்கேதான். விடியக் காலையில் போய் இருந்து, நம்பர் எடுத்து, சீனி பார்த்து, டொக்டரைக் கண்டு, மருந்து எடுக்கும் இடத்தில் திரும்பவும் வரிசை. ஆனால் சலரோகம், பிரஷர், இதய வருத்தம் போன்ற நெடுநாள் நோய்க்கு ஒரே டொக்டர் குழு தொடர்ந்து பார்ப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. சனலிங்கில் இன்றைக்கு ஒருவர், அடுத்த மாதம் இன்னொருவர் என்று மாற்றி மாற்றிக் காட்டினால் மருந்து மட்டும்தான் கூடிக்கொண்டு போகும். அப்பாவுக்கு ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்ததைக் கண்டுபிடித்தது கிளினிக்கில்தான். மருந்துப் பெட்டிகளை அப்படியே ஒரு பையில் போட்டுக்கொண்டு போயிருந்தோம். டொக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டை ஒதுக்கி வைத்தார். அன்றிலிருந்து பையோடுதான் போகிறோம். ஊர் வைத்தியரின் குளிசை, வெளிநாட்டிலிருந்து வந்த விற்றமின், கைமருந்து எல்லாம் அந்தப் பைக்குள் இருக்க வேண்டும். மறைத்தால் பாதிப்பு எங்களுக்குத்தான்.

கிளினிக் கொப்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நோயின் முழு வரலாறும் அந்தக் கொப்பியில்தான் இருக்கிறது, அது நோயாளியின் கையில் இருக்கிறது. அம்மா 1995 இடப்பெயர்வில் வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது ஒரே பைக்குள் வைத்தவை காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அம்மம்மாவின் கிளினிக் கொப்பி. மற்றதெல்லாம் போனாலும் அந்தக் கொப்பி இருந்ததால், போன இடத்திலும் அம்மம்மாவுக்கு அதே மருந்தைத் தொடர்ந்து எடுக்க முடிந்தது. இப்போதும் எங்கள் வீட்டில் கொப்பிக்குப் பிளாஸ்ரிக் உறை போட்டு, கதவடியில் ஒரே இடத்தில் வைக்கிறோம். ஒவ்வாத மருந்து இருந்தால் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் பெரிதாக எழுதி வையுங்கள். அவசரத்தில் வேறு யாராவது கூட்டிக்கொண்டு போனால் அந்த ஒரு வரி உயிரைக் காக்கலாம்.

கிளினிக்குக்குப் போய்வந்த நாட்களில் ஒரு ஒக்ரோபர் 21 வந்தது. ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் மாலையிட்ட படங்களுக்கு முன்னால் பணியாளர்கள் விளக்கேற்றி நின்றார்கள். வரிசையில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு இளம் தாய்க்கு அது என்னவென்று தெரியவில்லை. 1987ஆம் ஆண்டு அந்த நாள் தீபாவளி. இந்திய அமைதிப்படை ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து சுட்டதில் அன்றும் மறுநாளுமாக நோயாளரும் பணியாளருமாக ஏறக்குறைய 70 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 21 பேர் அங்கே வேலை செய்தவர்கள்: டொக்டர்மார், தாதியர், சிற்றூழியர். குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரமும் அதில் ஒருவர். ஊர் முழுவதும் அடங்கிக் கிடந்த நாளிலும் அவர்கள் வேலைக்கு வந்திருந்தார்கள், அதனால்தான் அங்கே இருந்தார்கள். அந்தத் தாய் கேட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படங்களைப் பார்த்துவிட்டு வந்தா. அன்றைக்குத்தான் இந்த ஆஸ்பத்திரியின் முழுக் கதையையும் தேடிப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

தொடக்கம் 1850. அப்போது யாழ்ப்பாணத்தின் அரசாங்க அதிபராக இருந்தவர் பேர்சிவல் அக்லண்ட் டைக். 1829இல் பதவிக்கு வந்து, 1867இல் இறக்கும்வரை வடக்கோடு ஒட்டிக்கிடந்த மனிதர். அவர் முன்னின்று, 'பிரண்ட் இன் நீட் சொசைற்றி' என்ற தரும சங்கத்தின் மூலம் ஏழைகளுக்கென்று தொடங்கிய ஆஸ்பத்திரிதான் இன்றைய பெரியாஸ்பத்திரியின் வேர். நன்கொடைதான் அதைத் தாங்கியது. அரசாங்கம் பொறுப்பேற்றது இருபதாம் நூற்றாண்டில்தான். ஆக, முதல் அரை நூற்றாண்டுக்கு அது சனம் கொடுத்த காசில் ஓடிய இடம்.

அதே காலத்தில், சில மைல் தள்ளி மானிப்பாயில், அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848 முதல் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பித்துக்கொண்டிருந்தார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி வந்தது 1870இல் என்பதை நினைத்தால் இதன் பெறுமதி விளங்கும். 1860களில் அவர் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். உடற்கூறு, சத்திரசிகிச்சை, பிரசவம், இரசாயனம் எல்லாம் தமிழ் நூல்களாயின. அவரிடம் படித்து வெளியேறியவர்கள் 60 பேருக்கு மேல். யாழ்ப்பாணத்துச் சனம் ஆங்கில வைத்தியத்தை நம்பத் தொடங்கியதற்கு, தங்கள் ஊர்ப் பிள்ளைகளே தங்கள் பாஷையில் அதைச் செய்தது முக்கிய காரணம் என்று நான் நினைக்கிறேன். வாட்டில் அந்தத் தெற்கத்தி இளைஞர் தட்டுத்தடுமாறித் தமிழில் விளங்கப்படுத்தியபோதுதான் அப்பா கையெழுத்துக்கு மனம் இளகினார் என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்கிறேன்.

1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியபோது இது போதனா வைத்தியசாலையாயிற்று. கட்டிலைச் சுற்றி மாணவர்கள் நிற்பது சிலருக்குப் பிடிப்பதில்லை. அப்பாவிடம் ஒரு மாணவி அரை மணித்தியாலம் கேள்வி கேட்டா. மாத்திரையை இரவில் விட்டுவிடுகிறார் என்பதை அந்தப் பிள்ளைதான் கண்டுபிடித்துப் பெரியவர்களிடம் சொன்னா. மாணவர்களுக்கு நேரம் இருக்கிறது, வாட்டு டொக்டருக்கு அது இல்லை. விருப்பமில்லை என்றால் மறுக்கலாம். ஆனால் ஒத்துழைத்தால் எங்களுக்கும் நன்மைதான்.

பிறகு வந்த யுத்த காலத்தை அம்மாவின் தலைமுறை நன்றாக அறியும். 1990இல் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்தபோது, கோட்டைக்குக் கிட்ட இருந்த ஆஸ்பத்திரி இயங்க முடியாத நிலை. அதன் பிறகு சர்வதேச செஞ்சிலுவைக் குழு இரு தரப்போடும் பேசி, ஆஸ்பத்திரியையும் அதன் சுற்றாடலையும் பாதுகாப்பு வலயமாக்கியது. கரண்ட் இல்லாத, மருந்து மட்டுமட்டாக வந்த ஆண்டுகள் அவை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே வெளிக்கிட்டபோது ஆஸ்பத்திரியும் வெறுமையானது. 1996இல் சனம் திரும்பி வர, அதுவும் திரும்ப எழும்பியது. 2006 ஆவணியில், தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டபின், கொழும்புக்கு அனுப்பவேண்டிய நோயாளருக்குக் கப்பலும் விமானமும்தான் வழி, அதற்கும் அனுமதி எடுக்க வேண்டும். ஒரு பிரதேசத்தின் ஆஸ்பத்திரியில் நிபுணரும் கருவிகளும் அந்த இடத்திலேயே இருக்கவேண்டும் என்பதை எங்கள் ஊர் இப்படித்தான் படித்தது. இன்றைக்கு சிறுநீரகச் சுத்திகரிப்பும், இதயக் குழாய்ச் சிகிச்சையும் யாழ்ப்பாணத்திலேயே நடப்பதைக் கொழும்பில் இருப்பவர்கள் சாதாரணமாக நினைக்கலாம். எங்களால் அப்படி நினைக்க முடியாது. புற்றுநோய்க்குத் தெல்லிப்பழையில் தனிப் பிரிவு இருக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி திரட்டிக் கட்டிய அந்த ஆஸ்பத்திரி 2013இல் திறக்கப்பட்டது. அதிலும் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோருடைய காசும் இருக்கிறது.

வீட்டில் செய்யவேண்டியவற்றுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் விரல் போனபின் மிச்சக் காலைக் காப்பாற்றுவது வீட்டின் வேலை. ஒவ்வொரு நாளும் இரவில் பாதத்தைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவருக்கு நிலத்தில் ஒரு கண்ணாடியை வைத்தால் போதும். விரல்களுக்கு இடையில் ஈரம் நிற்கக்கூடாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும். வீட்டுக்குள்ளும் செருப்பு. கோயிலுக்குப் போவதை அப்பா விடவில்லை, விடச் சொல்லவும் எங்களுக்கு மனமில்லை. இப்போது விடியற்காலைப் பூசைக்குப் போகிறார், நிலம் குளிர்ந்திருக்கும். வந்தவுடன் அம்மா பாதத்தைப் பார்ப்பா. கொப்புளமோ நிறமாற்றமோ கண்டால் அன்றே ஆஸ்பத்திரி. மஞ்சளும் எண்ணெயும் பூசிப் பார்க்கிற பேச்சே இல்லை.

இன்சுலின் போடுகிறவர்கள் திறக்காத குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் வைக்க வேண்டும், உறையும் இடத்தில் வைக்கக்கூடாது. உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. திறந்த குப்பி வீட்டின் குளிர்ச்சியான இடத்தில் ஏறக்குறைய நான்கு கிழமை இருக்கும். திறந்த திகதியை மேலே எழுதிவிடுங்கள். கரண்ட் இல்லாத அந்த ஆண்டுகளில் அம்மம்மாவின் இன்சுலின் மண்பானைக்குள் இருந்தது. வெளியே ஈரமணல், உள்ளே சின்னப் பானை. இப்போதும் நீண்ட மின்வெட்டு வந்தால் அது நல்ல வழிதான். சீனி பார்க்கச் சாப்பிடாமல் வரச் சொன்னால் எட்டு மணித்தியாலமாவது சாப்பாடு இருக்கக்கூடாது, தண்ணீர் குடிக்கலாம். ஆனால் சாப்பிடாமல் காலை ஊசியைப் போட்டுவிட்டு வரிசையில் நிற்கக் கூடாது. ஊசி, குளிசை, சாப்பாடு மூன்றையும் கையோடு கொண்டுபோய், இரத்தம் எடுத்து முடிந்ததும் டொக்டர் சொன்னபடி போட்டுச் சாப்பிட வேண்டும். வரிசையில் வேர்த்து விறுவிறுத்து மயங்குகிறவர்கள் பலர் இதனால்தான் விழுகிறார்கள். சட்டைப்பைக்குள் எப்போதும் இரண்டு ரொபி இருக்கட்டும்.

அப்பாவின் சத்திரசிகிச்சைக்கு இரத்தம் தேவைப்படவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டிலில் விபத்தில் வந்த பையனுக்கு ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். இலங்கையில் இரத்தம் விற்பதில்லை, யாரோ ஒருவர் சும்மா கொடுத்ததுதான் ஏற்றப்படுகிறது. 18 முதல் 60 வயது, 50 கிலோவுக்கு மேல் நிறை, இரத்தத்தில் ஹீமோகுளோபின் போதிய அளவு இருந்தால் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் முகாம் வைக்கும்போது ஆட்கள் திரளாக வருவார்கள், மற்ற மாதங்களில் ஒருவரும் போவதில்லை. இரத்தம் ஐந்து கிழமையளவில் காலாவதியாகும். ஒரே நாளில் ஊரே கொடுப்பதைவிட, நண்பர்கள் மாதத்துக்கு மாதம் பிரிந்து போவது இரத்த வங்கிக்குக் கூடப் பயன்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கும் ஒன்று. அம்மாவின் நினைவாக, அப்பாவின் நினைவாக ஆஸ்பத்திரிக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். 1850இல் இந்த ஆஸ்பத்திரி தொடங்கியதே அப்படித்தான், அந்தப் பழக்கம் தொடர வேண்டும். ஆனால் கருவியை வாங்கி அனுப்பிவிட்டுப் பிறகு சொல்லாதீர்கள். ஒரு கருவி வந்தால் அதற்குரிய மின்னழுத்தம், தொடர்ந்து மாற்றவேண்டிய பாகங்கள், பழுது பார்க்கிற ஆள், இயக்கப் பயிற்சி எல்லாம் வேண்டும். இல்லாவிட்டால் எந்த ஆஸ்பத்திரியிலும் அது ஒரு மூலையில்தான் நிற்கும். முதலில் பணிப்பாளர் அலுவலகத்துக்கு எழுதி, இப்போது எது குறைவு என்று கேளுங்கள். பெரும்பாலும் தேவைப்படுவது பெயர்ப்பலகை மாட்டக்கூடிய பெரிய இயந்திரம் அல்ல. சக்கர நாற்காலி, காத்திருக்கும் இடத்துக்கு வாங்கு, மின்விசிறி, காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால், தூர இடத்திலிருந்து கிளினிக்குக்கு வரும் ஏழைக்குப் பஸ் காசு போன்றவைதான். மருந்து அனுப்ப விரும்பினால் அமைச்சின் அனுமதி முதலே எடுக்க வேண்டும், காலாவதித் திகதி கிட்டவாக இருந்தால் சுங்கத்திலேயே நின்றுவிடும். தம்பி இந்த வருஷம் அனுப்பிய காசில் சலரோகக்காரருக்கான மெத்தென்ற அடி வைத்த செருப்புகள் வாங்கினோம். அளவு 7க்கும் 9க்கும் இடையில்தான் கூடுதலாகக் கேட்கிறார்கள், அடுத்த முறை அந்த அளவுகளில் கூட வாங்கவேண்டும்.